இடது சுட்டுவிரல்

கையுறையைக் கழற்றிய பிறகுதான் இளவேனில் அதைப் பார்த்தாள். இடது கை சுட்டுவிரல் முழுக்க ரத்தம். கையுறை எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை. அவளுக்குக் கொடுக்கிற கையுறைகள் கிழிவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை, மாட்டும்போதே பாதி உயிர் போய்விடும்.

குழாயடியில் நின்று சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினாள். ரத்தம் போனதும் விரல் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைப் படலம் தெரிந்தது. படலத்தின் நடுவே விரிசல். விரிசலுக்குக் கீழே சிவந்த சதை.

கழுவிய ரத்தம் அவளுடையதல்ல. நெலமங்கலா சாலையில் லாரி மோதி வந்தவர் ஒருவருடையது. அவருடைய தொடையில் பீறிட்ட இடத்தைக் கால் மணி நேரம் அவள்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹவுஸ் சர்ஜன் என்றால் பெயர் பெரிது. பாடத்தை முடித்துவிட்டு ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் மாடாக உழைக்கிற அரை டாக்டர், அவ்வளவுதான். பிடி என்றால் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும்.

அந்த வெள்ளைப் படலம் பசை. பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு விற்கிற, உடைந்த பொம்மையை ஒட்டுகிற பசை. வயலின் வாசிக்கிறவர்களுக்கு இந்த வைத்தியம் தெரியும். கம்பியின் மேல் விரலை இழுத்து இழுத்து வாசித்தால் நுனித்தோல் காய்த்துப்போகும், அளவுக்கு மீறினால் வெடிக்கும். பிளாஸ்டர் ஒட்டினால் கம்பி விரலுக்குத் தெரியாது, சுருதி போய்விடும். அதனால் வெடிப்பின் மேல் ஒரு சொட்டுப் பசையை விட்டு, ஊதிக் காயவைத்துவிட்டு வாசிக்கப் போய்விடுவார்கள். டாக்டருக்குப் படித்தவள் செய்கிற காரியமா இது? இல்லைதான். வெறும் டாக்டராக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டாள். வெறும் வயலின்காரியாக இருந்திருந்தால் அடுத்தவர் ரத்தத்தில் கை வைத்திருக்க மாட்டாள். இரண்டுமாக இருந்ததுதான் வினை.

பெங்களூரில் பிள்ளையார் ஒரே நாளில் கரைந்துவிடுவதில்லை. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு இரண்டு மாதம் ஆர்கெஸ்ட்ரா ஓடும். கவியரசன் என்பவருடைய குழுவில் இளவேனில் வயலின். வருகிற சனிக்கிழமை தாசரஹள்ளிப் பந்தலில் அவளுக்கென்று தனியாகப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார் கவியரசன். முதல் தடவையாகக் கிடைத்த பத்து நிமிடம். அதற்காக நாலு நாள் வெறி பிடித்த மாதிரி சாதகம் செய்ததில் விரல் வெடித்தது.

ஊசி குத்தினால் உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவள் படித்த பாடம். ஊசி எதுவும் குத்தவில்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொன்னால் விரலில் இது என்ன என்று கேட்பார்கள். பசை என்றால் எதற்கு என்பார்கள். மூன்றாம் வருடம் அட்டெண்டன்ஸ் குறைந்தபோது இனிமேல் மேடைப் பக்கம் போக மாட்டேன் என்று டீனிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். அந்தக் காகிதம் இன்னும் ஃபைலில் இருக்கும். "வந்த எடத்துல பேரு கெட்டுடக் கூடாது" என்பது வீட்டில் அம்மா ஓயாமல் சொல்கிற பேச்சு. வாயை மூடிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டாள்.

அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பம் அது. அப்பா முனிகிருஷ்ணனுக்குப் பீன்யாவில் முலாம் பூசுகிற ஃபேக்டரியில் வேலை. அம்மா சரளா ஆஸ்பத்திரிகளில் கூட்டித் துடைக்கிற கான்ட்ராக்ட் வேலை. அப்பாவுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது, மகள் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினால் போதும் என்பார். பிடிவாதமெல்லாம் அம்மாவுடையது. எட்டு வயதில் முருகன் கோயில் மண்டபத்து வயலின் வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளியது அவள். பத்தாவது முடித்ததும் டாக்டர்தான், வேறு பேச்சே இல்லை என்று நின்றதும் அவள். மற்ற வீட்டு அம்மாக்கள் இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்பார்கள். சரளா இரண்டையும் விடவில்லை. தோழிகளிடம் இதைச் சொல்லி இளவேனில் பெருமைப்பட்டதுண்டு.

ரத்தம் பட்டது செவ்வாய்க்கிழமை. மறுநாள் மாலை வார்டில் சீனியர் டாக்டர் சுதீர் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே, அந்தத் தொடைக் காயக்காரருக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது, ரியாக்டிவ், ஆப்பரேஷனுக்கு எல்லோரும் இரட்டைக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். என்ன ரியாக்டிவ் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு நோய்க்குத்தான், எய்ட்ஸுக்குத்தான், பெயர் சொல்லாமல் பேசுவார்கள்.

இளவேனில் மனதுக்குள் மணியை எண்ணினாள். செவ்வாய் காலை பதினொன்று. புதன் மாலை ஐந்து. முப்பது மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை போட்டால் நல்லது, எழுபத்திரண்டு தாண்டினால் போட்டும் பயனில்லை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். முப்பது என்பது இரண்டிலும் சேராமல் நடுவில் கிடந்து பயமுறுத்தியது. ஆப்பரேஷனுக்குப் போகிற வழியில் சுதீரை மறித்து விரலைக் காட்டினாள்.

சுதீர் திட்டினார். கன்னடத்தில் பாதி, இங்கிலீஷில் பாதி. படித்தவளா நீ, மூளை இருக்கிறதா, பசையா, பசையா என்று நாலு தடவை கேட்டார். திட்டுகிற வரைக்கும் பரவாயில்லை. திட்டி முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அவளோடு மாத்திரை கொடுக்கிற இடம்வரை நடந்து வந்தாரே, அதுதான் அவளை நடுங்கவைத்தது.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். இப்போது நெகட்டிவ் என்றார்கள். இப்போதைய நெகட்டிவுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தினம் ஒன்று, இருபத்தெட்டு நாள். ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட், மூன்று மாதத்தில் இன்னொன்று. தோல் வெடிப்பு வழியாக வருவது ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது, தைரியமாக இரு என்றார்கள். எத்தனை ஆயிரத்தில் ஒன்றாக இருந்தாலும், அந்த ஒன்று யாராவது ஒருத்திதானே என்று அவளுக்குத் தோன்றியது. முதல் மாத்திரையை அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினாள்.

வீட்டில் சொல்லவில்லை. பாட்டிலை வயலின் பெட்டிக்குள், வில்லுக்குத் தேய்க்கிற ரோசினை வைக்கிற சின்ன அறையில் ஒளித்துவைத்தாள். அந்தப் பெட்டியை அவளைத் தவிர யாரும் திறப்பதில்லை.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருந்த இருப்பைப் பார்த்தால் அவளுக்குப் பாடம் நடத்திய வாத்தியார்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, தொட்டால் பரவாது, கட்டிப்பிடித்தால் பரவாது. எல்லாம் தெரியும். ஆனாலும் தனியாக ஒரு டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டாள். தன் தட்டைத் தானே தேய்த்தாள். தன் துண்டைத் தனிக் கொடியில் போட்டாள். வியாழக்கிழமை காலை அப்பா வழக்கம்போல அவள் தட்டிலிருந்து ஒரு துண்டு தோசையைக் கிள்ள வந்தபோது தட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, அப்பனுக்கு ஒரு வாய் தோச குடுக்க மாட்டியா? டாக்டரம்மா ஆய்ட்டா இப்டிதானா?" என்று முனிகிருஷ்ணன் சிரித்தார்.

"சளி புடிச்சிருக்குப்பா. ஒட்டிக்கும்."

அடுப்படியில் நின்ற சரளா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள். தோசைக்கல்லில் தோசை தீய்ந்த வாசனை வந்தது. அம்மா தோசையைத் தீயவிட்டு இளவேனில் பார்த்ததே கிடையாது.

மாத்திரை குமட்டியது. அதைவிடப் பயம் குமட்டியது. உடம்பு லேசாகச் சுட்டாலும் தெர்மாமீட்டரைத் தேடினாள். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று மணிக்கொரு தரம் தடவிப் பார்த்தாள். நாலு நாளில் எந்த நெறியும் கட்டாது, தெரியும், ஆனாலும் கை போய்க்கொண்டே இருந்தது. வயலினை எடுக்கவே முடியவில்லை. விரல் நுனியை எதிலாவது வைக்கவே பயம். தொற்றிவிட்டால் டாக்டர் வேலை என்னாகும், கல்யாணம் என்னாகும், அம்மாவும் அப்பாவும் என்னாவார்கள் என்று யோசித்து யோசித்துத் தலை கனத்தது.

சனிக்கிழமை மதியம் கவியரசன் போன் செய்தார். "இளவேனிலு, ஆறு மணிக்கு சவுண்ட் செக். லேட் பண்ணிடாதம்மா."

"சார், காய்ச்சல் சார். என்னால வர முடியாது."

"உன் பத்து நிமிசத்துக்கு நோட்டீஸ்லயே பேரு போட்டிருக்கேன்."

"முடியாது சார்." போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அழுகை வந்தது. ஆனால் அம்மா அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அழவும் முடியாது.

சரளா கட்டிலுக்கு அடியில் பெருக்குவதற்காக வயலின் பெட்டியை எடுத்து நகர்த்தினாள். உள்ளே ஏதோ கலகலவென்றது. அவள் கை அப்படியே நின்றது.

"அது இன்னா சத்தம்?"

"ரோசின் டப்பா மா."

"ரோசின் இப்டி சத்தம் போடாது." பெட்டியைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்தாள் சரளா. லேபிளைப் படிக்கவில்லை. காதருகே வைத்து ஒரு தடவை மெதுவாக ஆட்டினாள். "பஞ்சு வெக்கணும்டி. அங்க வந்து வாங்கிப் போறவங்க எல்லாம் உள்ளாற பஞ்சு அடச்சிதான் எடுத்துனு போவாங்க. பஸ்ல சத்தம் கேக்கக் கூடாதுன்னு. அட்டப்பெட்டிய என் குப்பக்கூடையிலதான் போட்டுட்டுப் போவாங்க."

இளவேனிலுக்கு அப்போதுதான் உறைத்தது. கடந்த ஆறு வருடமாக அம்மா கூட்டுவது வேறொரு அரசு ஆஸ்பத்திரியில், இதே மாத்திரையைக் கொடுக்கிற அறைக்கு வெளியே. அவளுக்கு அது எப்படி மறந்துபோனது?

"மா, நீ நெனக்கிற மாதிரி எதுவும் இல்ல. சத்தியமா இல்ல. கேளு." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். லாரி, தொடை, கையுறை, பசை, முப்பது மணி நேரம். அம்மா அடிப்பாள், அழுவாள், பசைக்காகவாவது திட்டுவாள் என்று பார்த்தாள். சரளா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த மாத்திர போட்டா வராதா?"

"பெரும்பாலும் வராதும்மா. சீக்கிரமா போடணும்."

"போடலன்னா?"

"நான்தான் போட்டுட்டேனே."

"உன்னக் கேக்கலடி." சரளா தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "ஊசி குத்தி, போடாமயே உட்டுட்டா?"

இளவேனிலுக்கு முதலில் புரியவில்லை. அம்மா பேசிக்கொண்டே போனாள். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நர்சிங் ஹோமில் வேலை. கறுப்புக் குப்பைப் பையைத் தூக்கியபோது உள்ளேயிருந்த ஊசி பையைக் கிழித்துக்கொண்டு உள்ளங்கையில் இறங்கிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசி என்று யாருக்கும் தெரியாது.

"சூப்பர்வைசர்கிட்ட காட்டுனேன். தொடச்சிட்டு வேலயப் பாருன்னான். அப்பறம் பத்து நாளு கழிச்சி அதே வார்டுல ஒரு ஆளு இந்த நோவுல செத்துட்டான்னு பேசிக்கினாங்க. அன்னிக்கே எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உங்கப்பாகிட்ட சொன்னா, மூட்ட கட்டு, ஊருக்குப் போவலாம்னுவாரு. ஊர்ல இன்னா இருக்குது நமக்கு? இங்க யார்கிட்ட சொல்றது? அப்ப எனக்குக் கன்னடம் ஒரு வார்த்த வராது."

"மா..."

"நீ எட்டு வயசு. ஒட்டிக்கினே இருப்ப. என் வாயில இருக்கிறதப் புடுங்கித் தின்னுவ. உன்ன எப்டித் தள்ளி வெக்கிறது? அதுக்குதான் வயலின் கிளாசு. தெனம் அஞ்சு மணிலருந்து எட்டு மணி. அந்த மூணு மணி நேரமாச்சும் நீ என் பக்கத்துல இல்லாம இருப்பேன்னு."

அம்மாவுக்கு இசை என்றால் உயிர் என்று பதினாலு வருடமாக இளவேனில் நம்பியிருந்தாள். வகுப்பு முடிந்து எட்டு மணிக்கு ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போனால், போய்க் கைகால் கழுவு என்று அம்மா விலகிப்போனது இப்போது நினைவுக்கு வந்தது. வேலை செய்த களைப்பு என்று நினைத்திருந்தாள். தன் தட்டை இழுத்துக்கொண்டபோது தோசை ஏன் தீய்ந்தது என்பதும் புரிந்தது.

"அப்ப டாக்டருக்குப் படிக்க வெச்சது?" என்று கேட்டாள்.

"அதுவும்தான். வீட்டுக்குள்ளயே ஒரு டாக்டர் இருந்தா கதவச் சாத்திக்கினு கேக்கலாம்ல? வெளிய யாருக்கும் தெரியாதுல்ல? நீ படிச்சி முடிக்கட்டும், முடிக்கட்டும்னு இருந்தேன். மார்ச்சோட எல்லாம் முடியுதுன்னியே, அப்பறம் கேக்கலாம்னு இருந்தேன்."

"ஒரு டெஸ்ட்கூடவா பண்ணல? அது ஃப்ரீ மா! உன் கண்ணு முன்னாடியே பண்றாங்க!"

"அந்த வாசல்லதான் பெருக்குறேன். உள்ள போவக் கால் வரல. தொட்டா ஒட்டாதுன்னு செவுத்துல எழுதி வெச்சிருக்காங்க, அதயும் படிச்சேன். படிச்சாலும் பயம் போவலயே."

போன மாதம் அம்மாவுக்கு வந்த விடாத இருமல். இரண்டு வருடமாக ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனது. வாய்ப்புண் என்று காரம் குறைத்துச் சாப்பிட்டது. புத்தகத்தில் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து இளவேனில் முன்னால் நின்றது. தன் விரலை அந்த நிமிடம் மறந்தே போனாள். தனக்கு வந்திருந்த பயம் பயமே இல்லை என்று தோன்றுமளவுக்கு இது பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் லீவு சொன்னார்கள். இரண்டு பேரையும் யாருக்கும் தெரியாத ஆஸ்பத்திரி வேண்டும் என்று மெட்ரோ ஏறி ஊரின் தெற்குக் கோடிக்குப் போனார்கள். வண்டியில் இடம் இருந்தும் சரளா நின்றுகொண்டே வந்தாள். பேர் மாற்றிச் சொல்லிவிடவா என்று இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம் என்றாள் இளவேனில்.

ரத்தம் எடுத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் அம்மா ஒரு கோடி, மகள் ஒரு கோடி. நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். இரண்டு பேருக்குமே அதுதான் பழகியிருந்தது. இளவேனில் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கத் தரை ஓடுகளை எண்ணினாள். பாசிட்டிவ் என்றால் எங்கே காட்டுவது, எந்த மருந்து, அப்பாவுக்கும் எடுக்க வேண்டும், தனக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டாள். உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தினாலே எழுந்து நின்றாள். சரளா மட்டும் அசையவில்லை. பதினாலு வருடம் காத்தவளுக்கு அரை மணி நேரம் பெரிதில்லை போலிருந்தது, ஆனால் அவளுடைய கால் விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

கூப்பிட்டார்கள். கவுன்சலர் பெண் காகிதத்தைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னாள். சரளாவுக்கு இப்போது கன்னடம் நன்றாகவே வரும். ஆனாலும் மகள் பக்கம் திரும்பி, "இன்னா சொல்றாங்க?" என்றாள்.

"இல்லயாம் மா. உனக்கு ஒண்ணும் இல்ல." இளவேனிலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நெகட்டிவ் மா."

வெளியே வந்தார்கள். அம்மா கைகூப்பிக் கும்பிடுவாள், முருகா என்பாள் என்று எதிர்பார்த்தாள் இளவேனில். சரளா அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கி இல்லன்னா... அன்னிக்கி?"

"அன்னிக்கும் இல்லம்மா. அந்த ஊசியால உனக்கு எதுவுமே வரல. எப்பவுமே இருந்ததில்ல."

"எப்பவுமே இல்லியா?"

"இல்ல."

சரளா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. போகிறவர்கள், பாவம், இவளுக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் போல என்று பார்த்துக்கொண்டே போனார்கள்.

"அப்ப உன்ன மடியில போட்டுத் தூங்க வெச்சிருக்கலாமேடி. ஒரு நாளாச்சும். ஜுரத்துல அம்மா அம்மான்னு கெடந்தியே, அப்பவும் அந்தாண்டதான நின்னேன். எதுக்குடி நின்னேன்?"

இளவேனிலுக்கு இன்னும் இருபத்திரண்டு மாத்திரை பாக்கி இருந்தது, ஆறு வாரமும் மூன்று மாதமும் பாக்கி இருந்தன. விரலில் என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும். தொட்டால் வராது, தொட்டால் வராது என்று சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் மனதுக்குள் சொல்லிக்கொண்டே பெஞ்சில் அம்மாவின் பக்கம் நகர்ந்தாள். இருபத்திரண்டு வயது டாக்டர், அத்தனை பேர் நடக்கிற வராண்டாவில், அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள்.

அம்மாவின் கை உடனே வரவில்லை. தலைக்கு மேலே அது தயங்கி நிற்பது இளவேனிலுக்குத் தெரிந்தது. அந்தக் கை வந்து இறங்கும்வரை அவள் அசையாமல் காத்திருந்தாள்.